அடுப்படிக்கு ஒன்பது அடி

மேசையிலிருந்து எழுந்து கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் அடுப்படிக்கு ஒன்பது அடி. நான்காவது அடியில் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்காவிட்டால் கட்டில் கால் பதம் பார்த்துவிடும். இரண்டு மாதமாக அவள் இதைத்தான் பழகிக்கொண்டிருந்தாள், பகலில், கணவர் கட்டிலில் குறட்டை விடும் நேரமாகப் பார்த்து.

அவளுடைய அம்மாவுக்கு ஐம்பது வயதில் பார்வை போனது. முதலில் எல்லாம் மங்கல் என்றாள், பிறகு சொல்வதற்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசி ஆறு வருடம் இதே வீட்டுக்குள் அடி எண்ணித்தான் நடந்தாள். மகளுக்கு இப்போது நாற்பத்தெட்டு. கணினித் திரை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. பயம் புகுந்த பிறகு சன்னல் வெளிச்சம்கூட மங்கலாகத்தான் பட்டது. கண் டாக்டரிடம் போகவில்லை. அதை அவர் வாயால் கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

காப்பீட்டு அலுவலகம் ஒன்று அனுப்பும் படிவங்களைத் திரையில் பார்த்து, பெயர், முகவரி, எண் என்று வீட்டிலிருந்தே கணினியில் ஏற்றும் வேலை அவளுக்கு. பதினோரு வருடம் ஒரு பிசகு கிடையாது. இந்த நாலு மாதமாக மூன்றை எட்டு என்று அடிக்கிறாள். மேலதிகாரி அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை சொல்ல வைக்கக் கூடாது என்று, "இந்த வாரத்தோட நின்னுக்கறேன் மேடம்" என்று போனில் எழுதி வைத்திருந்தாள். அனுப்பத்தான் விரல் வரவில்லை. கணவரிடமும் மூச்சு விடவில்லை. நாலு மாதமாக ரொட்டி ஆலையில் அவருக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து விழுகிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது?

வியாழக்கிழமை மானிட்டரும் கையை விரித்தது. கண்ணா மானிட்டரா, யார் முந்துவது என்று போட்டியா? அவளுக்கு அலுப்பில் சிரிப்பு வந்தது. இன்னும் நாற்பது படிவம் பாக்கி. கடைசி வேலையையாவது ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று தெருமுனை டிவி மெக்கானிக்கை வரச் சொன்னாள்.

அவன் தலையணை மேல் மானிட்டரைக் குப்புறப் போட்டு, பின்மூடியை நெம்பினான். அவள் டார்ச் பிடித்தாள்.

"ரெண்டு கெப்பாசிட்டர் உப்பிப் போச்சுக்கா."

மாற்றிப் பற்றவைத்தான். ஈயப் புகை அறை முழுவதும் சுற்றியது. கணவர் அசையவில்லை. இடி விழுந்தாலும் எழமாட்டார் என்றுதான் அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

திரை உயிர் பெற்றது, அதே மங்கலோடு.

"தெரியுதாக்கா?"

"தெரியுது தம்பி. என் கண்ணுக்கு எப்பவும் இப்படித்தான்."

அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கே ஒண்ணும் தெரியலையே!" விளிம்பில் இருந்த பொத்தானை அமுக்கினான். "வெளிச்சத்தை நாலுல வச்சிருக்கீங்கக்கா. நூறு வரைக்கும் இருக்கு."

ஏற்றினான். மூன்று மூன்றாக நின்றது, எட்டு எட்டாக நின்றது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் தொட்டதே இல்லையே. யாரு குறைச்சது?"

கட்டிலில் குறட்டை நின்றிருந்தது.

மெக்கானிக் விவரமானவன். சாமான்களை அள்ளிக்கொண்டு நடையைக் கட்டினான். கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

"பகல்ல தூங்க விடாம திரை வெளிச்சம் மூஞ்சியில அடிச்சுது. நீ அந்தப் பக்கம் போறப்ப கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். சொன்னா நீ எனக்காக வேலையைக் கெடுத்துக்குவ."

"கொஞ்சம்னா, நாலா?"

"அப்புறம் நீ கண்ணை மூடிட்டு நடக்கறதைப் பாத்தேன். வெளிச்சம் உனக்கும் கண்ணைக் கூசுது போலன்னு இன்னும் குறைச்சேன்."

கோபப்பட அவளுக்குத் தெம்பில்லை. போனை எடுத்து, எழுதி வைத்திருந்ததை அழித்தாள். ஒரு துண்டை நாலாக மடித்து, அவரைப் படுக்கவைத்து, கண்மேல் போட்டாள். நாலு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை, இவ்வளவுதான்.

"ஆமா, எதுக்குக் கண்ணை மூடிட்டு நடந்த?"

சும்மாதான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"அடுப்படிக்கு எத்தனை அடின்னு பாத்தேங்க. ஒன்பது."

ஆறு வருடம் மாமியார் அடி எண்ணியதைக் கேட்டவர் அவர். துண்டை விலக்காமலே கையை நீட்டித் துழாவி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாற்பது படிவமும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.