சண்டைக்கு ஒரு மேஜை

சாக்ஸின் வாய்க்குள் ஒரு ஊது ஊதினால்தான் ரேடியோக்காவுக்கு அன்றைய வேலை தொடங்கும். பாதம் உப்பிக்கொண்டு பூசணிப் பிஞ்சு மாதிரி நிற்கும். அப்படி ஊதுவது முதல் சாக்ஸுக்கு மட்டும்தான். மற்றதில் ஓட்டை இருக்கிறதா என்று விரலே பார்த்துக்கொள்ளும். பிறகு கண்ணை மூடி, "சாமி, கை வலிக்காமப் பாத்துக்க" என்று முணுமுணுப்பார். கண்ணைத் திறக்கும்போதே எதிர் ஸ்டூலில் இருக்கும் நாத்தனாரிடம் ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்மா, குளிச்சிட்டு வந்தா குழாயை யாரு மூடறது? உங்க அண்ணன் என்ன ஆத்தையா விலைக்கு வாங்கி வச்சிருக்காரு?"

"மூடிட்டுத்தான் வந்தேன் அண்ணி. உங்க காதுலதான் எப்பவும் ஏதாவது சொட்டிக்கிட்டே இருக்கும்."

சாக்ஸ் கம்பெனியில் எல்லாருக்கும் அவர் ரேடியோக்கா. அணைக்கிற பொத்தானை வைக்க ஆண்டவன் மறந்துவிட்டானாம். மேஜையடியில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருக்கும். அதில் யாருக்கும் ஒரு வாய் கொடுக்கமாட்டார். "என் பெட்ரோல்ல கை வைக்காதீங்க" என்பார்.

வேலை, ஜோடி சேர்ப்பது. மெஷினிலிருந்து சாக்ஸ் குவியலாக வந்து விழும். ஒரே அளவுதான் என்றாலும் ஒன்று நூலளவு நீளும், ஒன்று குட்டையாக இருக்கும். ரேடியோக்கா இரண்டை இழுத்துப் பார்த்து, குதிகாலோடு குதிகால் வைத்து எதிர்ப்பக்கம் தள்ளுவார். நாத்தனார் மடித்து அட்டை ஒட்டுவார். வாய் சூடு பிடிக்கப் பிடிக்கக் கையும் சூடு பிடிக்கும். "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று ஒரு ஜோடி போகும். "நான் அப்படிச் சொன்னேனா?" என்று அது மடிந்து விழும். சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சொக்கும் நேரத்தில் மொத்த மேஜையும் இவர்கள் சண்டையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தச் சண்டைக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டில் போடக்கூடாது. ரேடியோக்காவின் வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் மெக்கானிக். நாத்தனாரின் கணவர் கப்பல் வேலைக்குப் போனபின் அவரும் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டார். சம்சாரத்துக்கும் தங்கைக்கும் நடுவில் மனுஷன் மத்தளமாய் இடிபடுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு பெண்களும் சாமி படத்துக்கு முன்னால் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீட்டில் முளைக்கிற சண்டையெல்லாம் மேஜைக்கு வந்துவிடும். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் நிற்கும். "மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு இருவரும் ஒரே குடையில் வீட்டுக்குப் போவார்கள்.

கம்பெனி கை மாறியது. புதிய மேனேஜர் வந்தார். நல்ல பிள்ளை, ஒருவரையும் கடிந்து பேசமாட்டார். முதல்முறை சுற்றிப் பார்க்க வந்தபோதே இந்தச் சண்டையைக் கேட்டுப் பதறிப்போனார். பாவம், பெரியவள் சின்னவளைப் படுத்துகிறாள் என்று நினைத்து, மறுநாளே நாத்தனாரை அந்தக் கோடியில் இருக்கும் இஸ்திரிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். எதிர் ஸ்டூலுக்கு ஒரு சாதுவான பெண் வந்தாள். எது சொன்னாலும் "ஆமாக்கா" என்பாள்.

"சுவத்துல பந்தடிச்சாக்கூடத் திரும்பி வரும். இது பஞ்சு மூட்டை" என்றார் ரேடியோக்கா.

கை தளர்ந்தது. நீலமும் கருநீலமும் ஜோடியாகப் போயின. மேஜை கொட்டாவி விட்டது. மேனேஜர் சுவரில் போர்டு மாட்டித் தினமும் எவ்வளவு ஆச்சு என்று எழுதினார், மின்விசிறி போட்டார், பாட்டு வைத்தார். பாட்டுக்குத் தூக்கம் இன்னும் நன்றாக வந்தது. பெரிய கடையின் ஆர்டர் நேரத்துக்கு லாரி ஏறாவிட்டால் ஜோடி சேர்க்கும் பிரிவையே மூடிவிட்டு வேலையை வெளியே கொடுத்துவிடுவோம் என்று தலைமை ஆபீசிலிருந்து சேதி வந்தது.

வீட்டு நிலைமை அதைவிட மோசம். மேஜைக்குப் போக வழியில்லாத சண்டை வீட்டுக்குள்ளேயே பொங்கியது. ஒப்பந்தம் காற்றில் போனது. ஒரு சாயங்காலம் குழாய்ப் பேச்சில் தொடங்கி எங்கெங்கோ போய், கடைசியில் நாத்தனார், "நான் தனியா ரூம் பாத்துக்கறேண்ணா" என்றுவிட்டார்.  ஊர்ப் பேச்செல்லாம் பேசுகிற ரேடியோக்காவின் வாயில் 'போகாதே' என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை அவருடைய வீட்டுக்காரர் எண்ணெய்க் கறைச் சட்டையோடு மேனேஜர் முன்னால் நின்றார். ரேடியோக்கா சாக்ஸ் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டார்.

"சார், என் சம்சாரத்தையும் தங்கச்சியையும் பழையபடி எதிர் எதிரா உக்கார வச்சிடுங்க."

"சண்டை போடறாங்கன்னுதானே பிரிச்சேன்?"

"அதேதான் சார். இங்க போட்டா உங்களுக்கு சாக்ஸா விழுது. வீட்டுல போட்டா என் தட்டுல விழுது."

மேனேஜர் சிரிப்பை அடக்கினார். "சண்டை போட்டா வேலை எப்படிண்ணே நடக்கும்?"

"சாக்ஸ் பத்தி எனக்கென்ன தெரியும். வண்டியில பல்சக்கரம் ஒண்ணையொண்ணு கடிச்சிக்கிட்டாத்தான் ஓடும். சத்தம் வருதேன்னு தள்ளி வச்சா சத்தமும் நிக்கும், வண்டியும் நிக்கும்."

மேனேஜர் திரும்பிச் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தார். அதில் கணக்கு நாளுக்கு நாள் இறங்கியிருந்தது.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு நாத்தனார் பழைய ஸ்டூலுக்கு வந்தார். வாசலில் பெரிய கடை ஆர்டருக்கான லாரி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. மொத்த மேஜையும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மேனேஜரே தூண் ஓரமாக வந்து நின்றார். ஆனால் இருவரும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் குனிந்த தலை நிமிரவில்லை. ரேடியோக்கா ஒரு சாக்ஸை எடுத்து ஊதினார். என்றைக்கும் இல்லாதபடி இன்னொன்றையும் எடுத்து ஊதினார்.

பிறகு மேஜையடியில் கைவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, சாக்ஸ் குவியலைத் தாண்டி எதிர்ப்பக்கம் நகர்த்தினார்.

"இஸ்திரிச் சூட்டுல தொண்டை காஞ்சிருக்கும். குடி. தனி ரூம் பாக்கறவங்க முதல்ல குழாயை மூடக் கத்துக்கட்டும்."

நாத்தனார் நிமிர்ந்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது, உதட்டில் சிரிப்பு முட்டியது. "நான் போயிட்டா உங்க வாய் துருப்பிடிச்சுடும் அண்ணி. அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

இரண்டு மடக்குக் குடித்தார். மூடியைத் திருகினார். இன்னும் ஒரு திருகு திருகினார். பாட்டிலைக் குவியலுக்கு நேர் மேலே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டும் விழவில்லை பார் என்பதுபோல் ரேடியோக்காவின் மூக்குக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார்.