நாற்பத்திரண்டு தட்டுக்கு ஒரு பெட்டி

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் புதிதாக வீடு கட்டுகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், மர வேலைக்கு என் பட்டறையைத்தான் முதலில் சொல்வார்கள். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, ஊர் சொல்கிறது. பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததே இல்லை. இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் இருவர் இன்று என்னிடம் வேலை பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பி வந்தார். அவருடைய அப்பா சேர்த்து வைத்த பாட்டு சிடி, சினிமா டிவிடி எல்லாவற்றுக்கும் சுவர் நீளத்துக்கு ஒரு மர அலமாரி வேண்டும் என்றார். அளவு டேப்பை விரிப்பதற்கு முன்னால் நான் கேட்டேன்: "உறையோட வெக்கப் போறீங்களா, உறை இல்லாமலா?"

"உறை இல்லாம யாருங்க வெப்பாங்க?" என்று சிரித்தார்.

நான் வைத்திருக்கிறேன். பதினோரு வயதில், கீரப்பாளையத்தில். என் கையால் செய்த முதல் பெட்டி அது.

அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, அந்த வருஷம்தான் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தாள். சித்தப்பா குமராட்சிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, கொள்ளிடக் கரை ஊர்களில் அவர் கட்டிய குழாய்தான் பாடும். மஞ்சள் காமாலை கண்டு பத்தே நாளில் போய்விட்டார். குழாய்களையும் மற்ற சாமான்களையும் அவருடைய அண்ணன் எடுத்துக்கொண்டார். இசைத்தட்டுகளை மட்டும் சித்தி விடவில்லை. கோணிச் சாக்கில் போட்டுத் தலையில் சுமந்து கொண்டுவந்தாள்.

அவற்றைப் பாட வைக்க எங்கள் வீட்டில் மின்சாரமே கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் சாக்கைப் பிரிப்பாள். ஒவ்வொரு தட்டாகப் பழுப்புக் காகித உறையிலிருந்து உருவி, முந்தானையால் துடைப்பாள். பிறகு அந்த உறையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே போடுவாள். நடுவில் கூப்பிட்டால் காதில் விழாது. பாடாத தட்டுக்கு வெள்ளிக்கிழமை பூசையா என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

ஐப்பசி மழையில் வீடு ஒழுகியபோது யாரோ நெல் மூட்டையை நகர்த்தி அந்தச் சாக்கின்மேல் சாய்த்துவிட்டார்கள். ஒரு தட்டு இரண்டாகப் பிளந்தது. சித்தி இரண்டு நாள் சோறு தொடவில்லை. அம்மா பயந்துபோய்க் கடலூர் முதுநகரிலிருந்த தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மாமா வந்தார். "சிதம்பரத்துல மைக் செட்டுக்காரர் ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவரு. குடுத்துட்டா நல்லா வெச்சிப்பாரு. எலிக்கும் மழைக்கும் காவலா நீ எத்தினி நாளு ஒக்காந்திருப்ப?"

"அது என்கிட்டயே இருக்கட்டும்ணா" என்றாள் சித்தி, தலை நிமிராமல்.

"எங்க வெப்ப? ஒழுங்கா ஒரு எடம் காட்டு, நான் வாயே தொறக்கல. வர்ற ஞாயித்துக்கெழம வருவேன். அதே சாக்கு அங்கயே கெடந்துச்சின்னா தூக்கிக்கினு போயிட்டே இருப்பேன்."

மாமா கெட்டவர் இல்லை. தங்கை அந்தச் சாக்கோடு சாக்காக மக்கிப் போவாளோ என்று பயந்தார். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பெட்டி இருந்தால் தட்டு சித்தியிடம் இருக்கும், இல்லாவிட்டால் போய்விடும். அவ்வளவுதான் புரிந்தது.

தெருக்கோடியில் ஓர் ஆசாரி இருந்தார். அவர் எனக்கு எதையும் சொல்லித் தந்தவர் இல்லை, விரட்டுவார். எட்ட நின்று பார்த்தே நான் வேலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவர் வீட்டில் கேட்டு ஒரு ரம்பமும் கொஞ்சம் வஜ்ஜிரமும் வாங்கி வந்தேன். வஜ்ஜிரம் என்பது கட்டி கட்டியாக இருக்கும் பசை. தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சினால்தான் இளகும். மாட்டுக் கொட்டகையில் கழன்று கிடந்த பழைய கதவுதான் பலகை.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் ஒன்றின் பாரம் ஒன்றை உடைக்கும், நிற்கவைத்தால் உடையாது. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. உடைந்தது போக இருந்த தட்டுகளுக்காக, அடிப்பலகையிலும் மேல்பலகையிலும் நேருக்கு நேராக நாற்பத்திரண்டு காடி, அதாவது தட்டின் ஓரம் இறங்கி நிற்கிற பள்ளம், அறுத்தேன். ஒரு காடிக்கு ஒரு தட்டு. சாக்கைத் தொட்டால் சித்தி சத்தம் போடுவாளென்று, உடைந்த தட்டின் பாதியை வைத்தே அளவெடுத்தேன். கை கிழிந்தது. ஒரு காடிகூடக் கோணவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் நடவுக்குப் போன பிறகு சாக்கைப் பிரித்தேன். ஒட்டுவதற்கு முன் பலகைகளைச் சேர்த்துப் பிடித்து ஒரு தட்டை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. நான் அளவெடுத்தது வெறும் தட்டுக்கு. உறையோடு இருந்தால் பருமன் அதிகம். நாற்பத்திரண்டு காடியையும் மறுபடி அகலப்படுத்த நேரம் இல்லை.

உறையை உருவினேன். தட்டு வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அப்படியே எல்லாவற்றையும் உருவினேன். அழுக்கேறிய காகிதம், எண்ணெய்க் கறை, ஓரமெல்லாம் கிழிசல், இரண்டு பக்கமும் பென்சில் கிறுக்கல். இவ்வளவு நல்ல பெட்டிக்குள் இந்தக் குப்பை எதற்கு என்று தோன்றியது. வெளியே மழை. விறகு நனைந்து புகைந்தது, வஜ்ஜிரம் இளகவில்லை. வீட்டில் காய்ந்திருந்த பொருள் அந்தக் காகிதம் ஒன்றுதான். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். தீ சீராக நின்றது, பசை தேன்போல இளகியது.

சாயங்காலம் சித்தி வந்தாள். சேற்றுக் காலோடு நின்று பார்த்தாள். நாற்பத்திரண்டு தட்டும் தோளோடு தோள் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன.

"நீயாடா செஞ்ச?"

"நானேதான். வேற ஒருத்தர் கை வெக்கல."

சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஒரு தட்டை உருவி, திருப்பிப் பார்த்தாள். "உறைங்க எங்கடா?"

அடுப்பைக் காட்டினேன்.

அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். சாம்பலை ஒரு குச்சியால் விலக்கினாள். "அதுல எழுதியிருந்துச்சேடா" என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. அம்மாதான் என்னை இழுத்துப்போய்ச் சொன்னாள். சித்தப்பா ஒவ்வோர் இடத்துக்கும் போய் வந்து அந்த உறையில்தான் எழுதி வைப்பாராம். எந்த ஊர், யார் வீடு, எந்தப் பாட்டை யார் திரும்பப் போடச் சொன்னார்கள், மழை வந்ததா, வரும் வழியில் யாரைப் பார்த்தார். அவர் கையெழுத்து என்று வேறு எதுவும் சித்தியிடம் இல்லையாம்.

மறுநாள் மாமா வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "மச்சான் மவன் பெரிய ஆளா வருவான்" என்றார். சித்தி உறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாமா சொன்ன சொல் தவறாமல் வெறுங்கையோடு திரும்பினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தி பெட்டியின் முன் உட்கார்ந்தாள். ஒரு தட்டை உருவித் துடைத்தாள். துடைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாதவள்போல மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கடைசியா நீதான பாத்த. இதோட உறையில என்னா எழுதியிருந்துச்சி?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "குமராட்சியில ஒரு கல்யாணம்னு போட்டிருந்துச்சி."

"அப்புறம்?"

"நல்ல மழையாம். பந்தல் சாஞ்சிடுச்சாம்."

"அப்புறம்?"

"சாப்பாடு ஜோராம். ரெண்டு பாயசமாம்." கொஞ்சம் யோசித்தேன். "உன்னையும் கூட்டிக்கினு வந்திருக்கலாம்னு எழுதியிருந்தாரு சித்தி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்தத் தட்டை அதன் காடியில் நிறுத்திவிட்டு அடுத்ததை எடுத்தாள். "இதுல?" என்றாள்.

நாற்பத்திரண்டுக்கும் சொன்னேன். நான் அளந்ததையெல்லாம் நம்பிவிட்டாள், அடுப்பில் போட்டதை வாயாலேயே சரிக்கட்டிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எனக்கு அப்போது என் பேரின் முதல் எழுத்துகூடத் தெரியாது. அது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் சித்திக்குத் தெரியும். வந்த புதிதில் ஒரு மாதம் பலகையும் பல்பமுமாக என்னோடு மல்லாடி, முடியாமல் விட்டவள் அவள்தான்.