ஒரு பிழைகூட இல்லையாம்

கஹவத்தை ஆபீஸில் இன்று காலை என் புரோகிராம் மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்து ஆட்களின் அடையாள அட்டை விண்ணப்பங்களை எக்ஸ்எம்எல் கோப்பாக்கி, ஸ்கீமாவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற விதிகள்தான் ஸ்கீமா. நேற்று நாற்பத்தொரு விண்ணப்பங்களும் பிழை. இன்று எல்லாமே சரியாம்.

ஒரே ராத்திரியில் இவ்வளவு நல்ல பிள்ளையா?

வேண்டுமென்றே ஒருவரின் பிறந்த தேதியில் 'பலாக்காய்' என்று போட்டுப் பார்த்தேன். உடனே பிழை காட்டியது. அப்படியானால் புரோகிராம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சந்தேகம் இப்போது டைப் செய்யும் செல்வி அக்கா பக்கம் திரும்பியது.

"அக்கா, நேத்து என்னத்த மாத்துனீங்க?"

"வீட்டு நம்பர் இல்லாம விடமாட்டேங்குதே தம்பி. வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்து அறைக்கு ஏது வீட்டு நம்பர்? எல்லாருக்கும் ஒண்ணுன்னு போட்டேன். அப்புறம் அது வாயே தொறக்கல."

"அட்டை தபால்ல வந்தா யார் வீட்டுக்குப் போகும்?"

"அது இருக்கட்டும். நம்பர் கட்டாயம்னு எழுதுனது யாரு?"

நான்தான். லயத்திலேயே பிறந்து வளர்ந்த நான்தான்.

என் வீட்டு நம்பரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க என் அடையாள அட்டையை எடுத்தேன். முகவரியில் சிங்களத்தில் தெளிவாக இருக்கிறது: இலக்கம் 1.

லயத்து நண்பர்களே, உங்கள் அட்டையையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நாமெல்லாம் ஒரே வீட்டுக்காரர்களோ என்று எனக்குப் பலத்த சந்தேகம்.