காயாத கோடு

1. தொட்டியிலிருந்து எடுத்த நாள்

தண்ணீர்த் தொட்டியிலிருந்து காளியம்மனைத் தூக்கி வெளியே வைத்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். மீன்பிடி ஊரான தேங்காய்த்திட்டின் வெயிலில் சிலை மளமளவென்று காய்ந்தது. கிரீடம் காய்ந்தது, முகம் காய்ந்தது, மடியும் காய்ந்தது. வலது காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்தைச் சுற்றித் தோள்வரை ஒரு கோடு மட்டும் காயவில்லை. நூல் கனம்தான்.

முப்பத்தைந்து வருஷம் உளி பிடித்தவன் நான். என் நல்ல சிலைகளைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. இதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. புதிதாகச் சிலை அடிக்க வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் புதுச் சிலையைச் சில நாள் தண்ணீரில் வைப்பது வழக்கம். சடங்குதான், ஆனால் கல்லுக்கு அது கடைசிப் பரீட்சையும் கூட. விரிசல் இருந்தால் அது தண்ணீரைக் குடித்துவிடும். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அது ஈரமாகவே நிற்கும். விரிசல் கண்ட சிலையைக் கருவறையில் வைக்க மாட்டார்கள். கும்பாபிஷேகத்துக்கு இன்னும் நாலே நாள் இருந்தது.

2. மழையில் வந்த கல்

அந்தக் கல், தேங்காய்த்திட்டுக்குப் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் உள்ள என் ஷெட்டுக்கு கார்த்திகை மழையில் வந்து இறங்கியது. எங்கள் தொழிலில் கல்லுக்கு இரண்டு சோதனை உண்டு. சுத்தியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கல் மணி மாதிரி பேசும். பிறகு தண்ணீர் ஊற்றி, காயும்வரை பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க மழை விடவில்லை. கல், தரை, கோணிச்சாக்கு எல்லாம் ஈரம். காய்வதை எங்கே பார்ப்பது?

என்னோடு வேலை செய்யும் மச்சான் சேகர், என் மனைவியின் தம்பி, அப்போதே சொன்னான்.

"மாமா, அவசரப்படாதீங்க. வெயில் வரட்டும், காய வுட்டுப் பாக்கலாம்."

"என் காது இதுவரைக்கும் பொய் சொன்னதில்லடா. உளிய எடு" என்றேன்.

திமிர்தான், வேறென்ன. நாலு மாதம் அடித்தேன். அந்த முகம் வாய்த்த மாதிரி எனக்கு வேறெதுவும் வாய்க்கவில்லை. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கடலுக்குப் போனவன் திரும்புகிறானா என்று வாசலில் நின்று பார்க்கிறவள் முகம். அந்த முகத்தின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன்.

3. கலியமூர்த்தி தரையில் உட்கார்ந்தார்

கோட்டைப் பார்த்ததும் சேகர் காதோடு சொன்னான்: "கல்லுத்தூள பசையில கொழச்சு அடைச்சுட்டா ஒருத்தருக்கும் தெரியாது மாமா."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூள் இருக்கிறதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கலியமூர்த்தி வந்துவிட்டார். இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர், கோயில் திருப்பணியை முன்னின்று நடத்துகிறவர்.

"இன்னா ஸ்தபதி, இந்த எடம் மட்டும் காயல?"

"அது கல்லோட ரேகைண்ணே. சில கல்லு அப்படித்தான்."

அவர் கட்டைவிரலால் கோட்டைத் தடவினார். ஒரு சொம்புத் தண்ணீரை மறுபடி ஊற்றிவிட்டு, சிலைக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எல்லாம் காய்ந்தது. கோடு நின்றது.

"படகு அடியில இப்படித் தெரிஞ்சா நாங்க கடலுக்குப் போவ மாட்டோம். அத ரேகைன்னு எவனாவது சொன்னா, அவனையும் படகுல ஏத்த மாட்டோம்" என்றார், எழுந்திருக்காமலே.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "விரிசல்தாண்ணே. காய வெச்சுப் பாக்காம உளி வெச்சுட்டேன். தப்பு என்னுது."

"தடைக்காலம் முடிய இன்னும் இருவத்தெட்டு நாளு. அதுக்குள்ள இன்னொண்ணு ஆவுமா?"

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஊர் மொத்தமும் கரையில் இருக்கும். அதற்காகவே கும்பாபிஷேகத்துக்கு அந்த நாளைக் குறித்திருந்தார்கள்.

"ஆவாதுண்ணே. நாலு மாசம் வேணும்."

கூட்டம் கூடிவிட்டது. பத்திரிகை கொடுத்தாயிற்றே, இந்த ஆளை மாற்று என்று கத்தினார்கள். கலியமூர்த்தி கையமர்த்தினார்.

"வேற ஸ்தபதிகிட்ட போனா, அவரு எத மறைப்பாருன்னு மொதல்லேர்ந்து பாக்கணும். இவரே செய்யட்டும்."

கும்பாபிஷேகத்தைத் தள்ளி வைத்தார்கள்.

4. விடிகாலைப் படகு

விரிசல் கண்ட சிலையை என்ன செய்வது என்பதற்குச் சேகரிடம் இன்னொரு யோசனை இருந்தது. "ஒயிட் டவுன்ல, டூரிஸ்ட் வர்ற ஓட்டல்காரங்க அழகுக்கு வைக்க ஆசையா வாங்குவாங்க. அங்க யாரு பூசை பண்ணப் போறாங்க?" எனக்கும் அது நியாயமாகப் பட்டது. முகம் எங்கேயாவது இருக்குமே.

"எங்களுக்குன்னு செஞ்ச அம்மா. ஓட்டல்ல நிக்க வேணாம், கடல்ல வுட்டுடலாம்" என்றார் கலியமூர்த்தி.

விடிகாலையில் சிலையை ஒரு பைபர் படகில் ஏற்றினோம். சின்னப் படகுக்குத் தடை கிடையாது. கரை மங்கலாகத் தெரியும் தூரத்தில் இன்ஜினை நிறுத்தினார்கள். "நீங்கதான் செஞ்சீங்க. நீங்களே வுடுங்க" என்றார் கலியமூர்த்தி.

கண் திறக்காதவரை அது வெறும் கல் என்று எங்கள் தொழிலில் சொல்லுவோம். அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்கு உதவவில்லை. அலை தெறித்துச் சிலை முழுக்க நனைந்திருந்தது. கோடு தெரியவே இல்லை. மழையில் என் ஷெட்டில் கிடந்தபோதும் இப்படித்தான் ஒரு குறையும் இல்லாமல் இருந்தாள். ஆட்கள் சாய்த்தார்கள், நான் கையை எடுத்தேன். அழுதேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய அன்று, வெறும் கருவறைக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்கள். எல்லாப் படகும் திரும்பி வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இரண்டாவது கல் வந்ததும் தண்ணீர் ஊற்றிவிட்டு கலியமூர்த்திக்கு போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்தார். சுத்தியால் தட்டி, "மணி மாதிரி கேக்குது பாருங்கண்ணே" என்றேன்.

"அது கெடக்கட்டும். காயட்டும்."

இரண்டு பேரும் கல்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தோம். கல் முழுக்க ஒரே சீராகக் காய்ந்தது. அவர் எழுந்து சுற்றி வந்து, கையால் தடவிப் பார்த்து, "வைங்க உளிய" என்றார்.

கல் எடுக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஈரக் கல்லில் உளி வைக்காதீர்கள். காயும்வரை உட்காருங்கள். சிலை வாங்குகிறவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.