பூசைப் பலகையில் துப்பாக்கி

விஜயதசமி காலையில் மறுபூசை முடித்து, பட்டறைச் சாமான்களைப் பலகையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மகன் வீடியோ காலில் வந்தான். அவன் அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கம், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். இங்கே விடிந்தால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். எங்களுக்கு முடிந்துபோன சரஸ்வதி பூசை அவர்களுக்கு அப்போதுதான் நடந்திருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். குடவாசலில் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். கவலைப்படுவதற்கு நான் காரணம் தேடுவதில்லை, அதுவே என்னைத் தேடி வரும். அந்த நாட்டில் எவனோ எங்கேயோ சுட்டான் என்று டிவியில் வந்தால் போதும், அந்த ஊர் மகன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உடனே போன் போட்டுக் கேட்பேன். டெல்லியில் வெடித்ததற்குக் கும்பகோணத்தில் கதவைச் சாத்துகிற ஆள் நீங்கள் என்று மகன் கேலி செய்வான்.

அன்றைக்கு மருமகள்தான் போனைப் பிடித்துக்கொண்டு பூசையைக் காட்டினாள். சரஸ்வதி படம், பொரிகடலை, பேத்தியின் படப் புத்தகங்கள், இரண்டு லேப்டாப், கார் சாவி. எல்லாவற்றிலும் என் மனைவி சொல்லிக்கொடுத்தபடியே சந்தனமும் குங்குமமும். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போன் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. லேப்டாப்புக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு கட்டை. கட்டைக்கு மேலே இரும்புக் குழாய். குழாயில் மூன்று பொட்டு.

கையில் இருந்த ஸ்பேனரை எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை.

முதலில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு டிவியைச் சத்தமாக வைத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த துப்பாக்கி ஒன்றே ஒன்று. ஒரு மிராசுதார் வீட்டில் லைசென்சோடு இருந்தது. தேர்தல் வந்தால் அவரே வண்டி கட்டி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். முடிந்ததும் போய் வாங்கி வருவார். அவ்வளவு பெரிய மனுஷனையே வெயிலில் நிற்கவைத்த சாமான், என் மகன் வீட்டுக் கூடத்தில் பொரிகடலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அது என்னடா என்று கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னான். ஏதோ ஒரு நாட்டுப் பட்டாளம் பழைய சண்டையில் வைத்திருந்ததாம். கழித்துக் கட்டியதை மொத்தமாக வாங்கி இணையத்தில் விற்கிறார்களாம். படம் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு வந்துவிடும், அங்கே விசாரித்துக் கையில் கொடுப்பார்கள் என்றான். போன தீபாவளிக்கு அவன் அம்மாவுக்குப் புடவை எடுத்து அனுப்பியதும் இப்படித்தான், படம் பார்த்து. துப்பாக்கி முழுக்கக் கெட்டியாகக் கிரீஸ் அப்பியிருந்ததாம், சுடுதண்ணி ஊற்றித் துடைத்தானாம். கிரீஸ் என் வயிற்றுப் பிழைப்பு. அதையும் இதில் சேர்த்துச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

எதற்கு வாங்கினாய் என்றேன். ஆபீசில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் குறிபார்த்துச் சுடப் போகிறார்களாம். இவனையும் கூப்பிட்டார்களாம். மூன்று வருஷமாக அங்கே யாரும் இவனை எதற்கும் கூப்பிட்டதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னான். அதை என்னால் அன்றைக்குக் காதில் வாங்க முடியவில்லை. என் கண்ணெல்லாம் அந்தக் குழாயில் இருந்தது.

"அதைப் போய்ப் பூசையில வெச்சிருக்கியேடா."

"ஆயுத பூசைதானேப்பா. ஸ்க்ரூ டிரைவருக்கே பொட்டு வெக்கிறீங்க."

குண்டு இருக்கிறதா என்றேன். இல்லை என்றான். எடுத்து உள்ளே பூட்டு என்றேன். அதற்கு மருமகள்தான் பதில் சொன்னாள். "நாளைக்கு மறுபூசை வரைக்கும் பலகையில எதையும் தொடக்கூடாதுன்னு அத்தைதான் சொன்னாங்க மாமா. நான் லேப்டாப்பையே தொடலை."

உண்மைதான். எங்கள் வீட்டுச் சட்டம் அது. பூசையில் வைத்த கத்தரிக்கோல் வேண்டுமென்று போன வருஷம் நான் கை நீட்டியதற்கு என் மனைவி அன்று முழுக்கப் பேசவில்லை. அங்கேயும் விடியும்வரை அது கூடத்திலேயே கிடக்கும். நாலு வயசுப் பேத்தி அதே கூடத்தில் ஓடியாடுவாள். இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் போனுக்குள் வந்துவிட்டாள். பலகைக்கு முன்னால் குந்தி, சின்ன விரலால் அந்தக் குழாயில் இருந்த குங்குமத்தைத் தொட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள். சாமிக்கு முன்னால் வைத்ததை அப்படித்தான் கும்பிட வேண்டும் என்று அவளுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

மகன் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, இங்க விடிஞ்சிடுச்சு. மறுபூசை பண்ணியாச்சு. நம்ம வீட்டுப் பூசை ஒண்ணுதான், அங்க ஒண்ணு இங்க ஒண்ணு கிடையாது. எடுத்துப் பூட்டு."

அவன் உடனே எடுத்தான். எடுக்கும்போது அதில் எதையோ பின்னால் இழுத்து உள்ளே பார்த்தான். கடக் என்று ஒரு சத்தம். அவன் கை அதில் அவ்வளவு பழகியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெட்டி திறந்து மூடியது. பிறகு பூட்டைப் போனுக்கு நேராகக் காட்டினான். இழுத்துக் காட்டு என்றேன். இழுத்துக் காட்டினான்.

"சாவியைப் பாப்பா கைக்கு எட்டாத இடமா வைடா."

"எங்க வெக்கட்டும், சொல்லுங்கப்பா. நீங்க சொல்ற இடத்துலயே வெக்கிறேன்."

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டில் பரண் உண்டா, அலமாரி எவ்வளவு உயரம், நாற்காலி போட்டால் பேத்திக்கு எது எட்டும், ஒன்றும் தெரியாது. போன் காட்டிய சுவர்களைத்தான் நான் பார்த்திருந்தேன்.

"வீட்டைச் சுத்திக் காட்டுடா" என்றேன். அவன் போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடக்க ஆரம்பித்தான்.