நெட் ஒயரில் வந்த எறும்புகள்

“கண்டுபிடிச்சுட்டேன்!”

பொங்கலுக்குச் சில வாரம் முன்பு, ஒரு காலை மொட்டை மாடியிலிருந்து நான் போட்ட சத்தத்தில், கீழே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த என் வீட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு ஓடிவந்தார். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்தாராம். பாவம்.

விஷயம், என் அவரைப் பந்தல். அண்ணனூரில் எங்கள் வீட்டு மாடியில் தோட்டம் என்ற பெயரில் நான் நடத்தும் கூத்தெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தக்காளி இலை சுருண்டது. வெண்டை அப்படியே படுத்தது... பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். “பொங்கலுக்குள்ள அவரை காய்க்கலைன்னா மாடிக்கு ஷீட் போட்டுடலாம். துணி காயப் போடவாவது ஆகும்.”

ஷீட்டுக்குக் கீழே எந்தச் செடி பிழைக்கும்? எனக்குத் தூக்கமே போய்விட்டது.

பூ விடுகிற நேரம் பார்த்து, கொழுந்தெல்லாம் மை பூசிய மாதிரி கறுப்பு. கிட்டே போனால்... அத்தனையும் உயிர்! அசுவினிப் பூச்சி. கொத்துக் கொத்தாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. புளித்த மோர் தெளித்தேன். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தேன். போகும், மறுபடி வரும்.

காரணம் எறும்பு! அசுவினி ஒரு இனிப்புத் திரவத்தை வெளியே விடுமாம். அதற்காக எறும்புகள் அதைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காக்கின்றன. அசுவினியைத் தின்ன வரும் பொறி வண்டைக் கடித்தே விரட்டுகின்றன. வேலை வாட்ச்மேன், சம்பளம் இனிப்பு!

சரி, எறும்பை நிறுத்துவோம் என்று பந்தல் கால்களுக்கெல்லாம் கிரீஸ் தடவினேன். செடித் தொட்டியைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவே தூக்கி வைத்தேன். அப்படியும் மேலே எறும்பு ஓடுகிறது. எப்படி? இறக்கை முளைத்துவிட்டதா?

அந்தக் காலையில்தான் காபி டம்ளரோடு அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டு இன்டர்நெட் ஒயர் நெளிகிற மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால், ஒயர் மேல் சாரை சாரையாக எறும்பு! தெரு வேப்பமரத்துக் கிளையை உரசிக்கொண்டு வரும் அந்த ஒயரை, என் பந்தல் கம்பில்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் கீழே ரோட்டை மறித்தால், அதுகள் ஃப்ளைஓவரில் வருகின்றன!

“உங்க நெட்தாங்க என் செடியைக் கொல்லுது!”

“எறும்புக்கும் ஆன்லைன் மீட்டிங் இருக்கும், விடு” என்று சொல்லிவிட்டு அவர் மீட்டிங்குக்கே திரும்பிப் போனார்.

விடுவேனா? நெட்காரருக்கு போன் போட்டேன். ஏணியோடு வந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இன்னாக்கா... நெட்டு டவுன்னு நென்ச்சு அட்ச்சு புட்ச்சிகினு வர்றேன். எறும்புக்கா கம்ப்ளைண்டு?”

“எறும்புக்குத்தான் தம்பி. ஒயரைப் பிரிச்சு அந்தச் சுவர்க் கொக்கியில கட்டிக் குடுங்க.”

கட்டினார். கட்டிவிட்டுக் கிளம்பாமல், வழி தெரியாமல் ஒயரில் முட்டி மோதிய எறும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஐய, ரோட்ட கட் பண்ணவொடனே எப்டி முயிச்சிகினு நிக்குது பாருக்கா!”

எனக்கு அப்படியொரு குஷி!

சில நாள் கழித்து மாடிக்குப் போனால், தண்டில் முள்ளு முள்ளாக, ஆரஞ்சுப் புள்ளியோடு புதுசாக ஏதோ ஊர்கிறது. அடுத்த தொல்லையா? ஸ்பிரேயரைத் தூக்கினேன்.

“அடிக்காதே!”

பின்னாலேயே காபியோடு வந்த வீட்டுக்காரர்! கையைப் பிடித்தே நிறுத்திவிட்டார். போனில் படத்தைக் காட்டி, “இது பொறி வண்டுக் குஞ்சும்மா. அசுவினியைத்தான் தின்னும். நேத்தே பார்த்தேன்” என்றார். நேற்றேவா? அப்படியென்றால் எனக்குத் தெரியாமல் மாடிக்கு வந்து போகிறாரா!

இருவரும் குனிந்து நின்றோம். அந்தத் துளியூண்டு ஜீவன் ஒரு அசுவினியைக் கவ்வி, முடித்து, அடுத்ததுக்குத் தாவியது. “இன்னொண்ணு... இன்னொண்ணு!” என்று கிரிக்கெட் பார்ப்பவர்போல் கத்தினார் மனிதர். கீழே லேப்டாப்பில் மீட்டிங் அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது.

ஆனாலும் பொங்கல் வந்து போய்விட்டது. பந்தலில் பூவும் பிஞ்சும்தான். காய் இல்லை. போன ஞாயிறு, வீட்டுக்காரர் முன்பே சொல்லி வைத்திருந்த ஷீட் போடுகிறவர் அளவெடுக்கும் டேப்போடு வந்து நின்றார். கெடு கெடுதானே!

டேப்பை நீட்டியபடி அவர் பந்தல் கம்பில் கையை ஊன்றப் போனார்.

“சார், சார்! கையை எடுங்க. அங்க வண்டுக் குஞ்சு இருக்கு” என்று பாய்ந்தார் என் வீட்டுக்காரர். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, “இந்த வருஷம் வேணாம் சார்... வெயில் இல்லைன்னா அவரை வராது” என்று அவரே அனுப்பியும் வைத்தார்.

நேற்று முதல் பறிப்பு, ஒரு கைப்பிடி. தேங்காய் தூவிய பொரியலில் முக்கால்வாசியை அவர் தட்டில்தான் போட்டேன்.

காவலுக்கு ஆள் பிடிக்க அசுவினிக்கு மட்டும்தான் தெரியுமா என்ன?