சுந்தரி லாரி ஏறினாள்

போன வாரம் ஒரு பசு மாட்டைப் பின்னாலிருந்து தள்ளினேன். பக்கத்திலேயே சீருடையோடு ஒரு போலீஸ் சார்ஜனும் தள்ளிக்கொண்டிருந்தார். பண்டார் தெங்காரா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டையொட்டிய ஒரு வீடு. மற்ற மாடுகள் எப்போதோ லாரியில் ஏறிவிட்டன. இது மட்டும் அசையவே இல்லை.

மாட்டின் பெயர் சுந்தரி. சொந்தக்காரிக்கு மல்லிகா என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சுந்தரியின் பெயரை மாற்றவில்லை... அது ஆட்சேபிக்காது.

மல்லிகா பல வருடமாகக் கணவரிடம் அடி வாங்கியவர். போலீஸ் புகாரை எடுத்துக்கொண்டது. மருத்துவமனை தையல் போட்டது. நல இலாகா தங்க இடம் தருகிறேன் என்றது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனும் கூப்பிட்டான். யாரைக் குறை சொல்வது? ஆனால் சாயங்காலமானால் மல்லிகா அந்த வீட்டுக்கே திரும்பிவிடுவார். ஒரு நாள் உயிரே போய்விடும் என்று எங்களுக்கெல்லாம் பயம்.

எங்கள் ஊரில் பெண்களுக்கான உதவி அமைப்பு ஒன்று இருக்கிறது. நான் அதற்கு வண்டி ஓட்டும் தொண்டன். அதை நடத்தும் ஸ்டெல்லா அக்கா ஒரு காரியம் செய்தார். தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த போலீஸ், டாக்டர், நல இலாகா, வக்கீல் எல்லாரையும் சர்ச் மண்டபத்தில் ஒரே மேசையில் உட்காரவைத்தார். மல்லிகாவுக்கும் அங்கே ஒரு நாற்காலி.

ஏன் திரும்பிப் போகிறார்? பயம் என்றார் ஒருவர். ஊர் வாய் என்றார் இன்னொருவர். 'பாசம்...' என்று நானும் இழுத்தேன். ஆளை எதிரில் வைத்துக்கொண்டே இத்தனை ஆராய்ச்சி!

“அவங்களையே கேப்போமே” என்றார் ஸ்டெல்லா அக்கா.

“நான் வந்துட்டா மாட்டை யாருக்கா பாக்கறது? வெளிய காலை வச்சா அத்தனையும் வித்துருவேன்னு சொல்லிருக்காரு. அதுங்கள விட்டா எனக்கு என்ன இருக்கு?”

மாடு யார் இலாகா? யாருடையதும் இல்லை. வேறு நாளாக இருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஒரே மேசையில் அது முடியுமா? சார்ஜனின் மாமாவுக்கு ஒரு மாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே மல்லிகா தங்க நல இலாகா ஒரு வீடு பிடித்தது. வக்கீல் பாதுகாப்பு ஆணை வாங்கினார். ஸ்டெல்லா அக்கா லாரி பிடித்தார்.

அப்படித்தான் கணவர் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து நாங்கள் சுந்தரியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள் போல – கணவரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சார்ஜன் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்க் குறுக்கே நின்றார். ஆணையை அமைதியாக மலாயில் எடுத்துச் சொன்னார். மனிதர் அதைக் காதில் வாங்கவில்லை. மாடெல்லாம் தன்னுடையது, இறக்கு என்றார்.

வீட்டுக்குள் சாமான் கட்டிவிட்டு அப்போதுதான் லாரியில் ஏறியிருந்த மல்லிகா அவரை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதுவரை பார்த்ததில்லை.

“உங்களுதுன்னா கூப்பிடுங்க. வந்தா வச்சுக்குங்க.”

கூப்பிட்டார். அதட்டினார். சுந்தரி வாலால் ஈ ஓட்டியது.

“சுந்தரி, வாடி” என்றார் மல்லிகா. குரலைக்கூட உயர்த்தவில்லை. இவ்வளவு நேரம் எங்களைப் படுத்திய மாடு, பலகையில் கால் வைத்து விறுவிறுவென்று ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றது.

கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. ஸ்டெல்லா அக்கா கத்தியே விட்டார். லாரி முன்னால், போலீஸ் கார் பின்னால்... மந்திரி ஊர்வலம்கூட இத்தனை கம்பீரமாகப் போகாது.

மல்லிகா இப்போது அடி வாங்காமல் பால் கறக்கிறார். எங்கள் மேசைக்கும் வேறு கேள்வி வந்துவிட்டது. 'ஏன் திரும்பிப் போகிறீர்கள்?' என்று யாரும் கேட்பதில்லை. எதை விட்டுவிட்டு வர முடியவில்லை என்றுதான் கேட்கிறோம்.

நேற்று இன்னொரு பெண் உதவி கேட்டு எங்களுக்குப் போன் செய்தார். சார்ஜன் கேட்ட முதல் கேள்வி – “லெம்பு அடா?” மாடு இருக்கிறதா!